கிட்டார் வாசித்த தம்பி

கம்பத்தில் ஒரு மைக்செட் கடை. 2022 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் அங்கே உட்கார்ந்திருந்தேன். யாரோ செல்போனை நீட்டினார்கள். இளையராஜாவும் கங்கை அமரனும் ஒன்றாக இருக்கிற படம். பதின்மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள் பேசிவிட்டார்கள் என்பது செய்தி.

"சேந்துட்டாய்ங்கப்பா" என்றார் ஒரு பெரியவர். ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர்.

"எதுக்குப் பிரிஞ்சாய்ங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்று கேட்டேன்.

"அது யாருக்குத் தெரியும்? சேந்துட்டாய்ங்கள்ல, அது போதும்."

கடைக்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அன்றைக்கு என்னை உறுத்திய கேள்வி இதுதான்: காரணமே தெரியாத ஒரு பிரிவுக்காக இந்தப் பள்ளத்தாக்கில் இத்தனை பேர் இத்தனை வருஷம் ஏன் சங்கடப்பட்டார்கள்? எதை இழந்ததாக நினைத்தார்கள்? அண்ணன் தம்பி பேசாமல் இருப்பது நம்மூரில் தெருவுக்கு நாலு வீட்டில் உண்டு. அதற்கெல்லாம் யாரும் டீ வாங்கித் தருவதில்லை.

என் பதில், அவர்கள் வருந்தியது ஒரு குழுவுக்காக என்பது. அந்தக் குழுவின் பெயர் பாவலர் பிரதர்ஸ். அதன் வரலாற்றை இசைமேதையின் இளமைப் பருவம் என்ற ஒற்றைக் கதையாடலாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். மேதை வருவதற்கு முன்னால் ஒரு குழு இருந்தது, அந்தக் குழுவுக்கென்று ஓர் அரசியல் இருந்தது என்பது அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது.

தேவாரத்துக்கும் கோம்பைக்கும் அருகே, மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். மலைக்கு அந்தப் பக்கம் தேயிலை, ஏலம். இந்தப் பக்கத்து ஜனம் கூலிக்காக ஏறி இறங்கிய மலை. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு போயின. தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1957இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்தது. தேவிகுளம் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி 1958இல் இடைத்தேர்தல் வந்தது. ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் நின்றார். அவருக்காகத் தோட்டம் தோட்டமாகப் பாடிப் போனவர்தான் பாவலர் வரதராசன். ரோசம்மா ஜெயித்தார். மேடைப் பேச்சு எட்டாத லயங்களுக்குள் பாட்டு போயிருந்தது.

பாவலர் தெம்மாங்கு மெட்டிலும் அந்தக் காலத்துச் சினிமா மெட்டிலும் அரசியலை ஏற்றிப் பாடியவர். தம்பிகள் ஒவ்வொருவராகக் குழுவுக்குள் வந்தார்கள். ராஜா பதின்மூன்று பதினான்கு வயதில் பெண்குரலில் பாட வந்தார். குரல் உடைந்த பிறகு ஆர்மோனியத்துக்குப் போனார். பாஸ்கர் தாளம். கடைசித் தம்பி அமர் பாடினார், பின்னாளில் கிட்டார் எடுத்தார். இதில் யார் எதை 'இயற்றினார்' என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு ஊரில் கூட்டம் சிரித்த இடத்தை அடுத்த ஊரில் நீட்டுவார்கள். சிரிக்காத இடத்தை வெட்டுவார்கள். மேடைப்பாட்டு என்பது அப்படிப்பட்ட பிரதி. எழுதியவன், பாடியவன், அடித்தவன், கேட்டவன் எல்லோருக்கும் அதில் கை இருக்கிறது.

1960களின் கடைசியில் தம்பிகள் மூவரும் சென்னைக்குப் போனார்கள். ராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976இல் 'அன்னக்கிளி'. பெயர்ப்பட்டியலில் என்ன போடுவது என்ற பேச்சு வந்தபோது 'பாவலர் பிரதர்ஸ்' என்ற பெயரும் அடிபட்டது. பஞ்சு அருணாசலம் அது பழைய பாணியாக இருக்கிறது என்று தள்ளிவிட்டு 'இளையராஜா' என்று வைத்தார். சினிமா ரசிகர்கள் சுவையான துணுக்காகச் சொல்லிச் சிரிக்கிற விஷயம் இது. எனக்கு இதில் ஒரு வரலாற்றுத் திருப்பம் தெரிகிறது. ஒரு குழுப்பெயர் திரைக்கு வர இருந்தது, ஒரு தனிப்பெயர் வந்தது. இதில் சதி ஏதும் இல்லை. இசைத்தட்டுச் சந்தைக்கு ஒரு பெயர் வேண்டும், ஒரு முகம் வேண்டும். விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்ற இரட்டைப் பெயரே 1965இல் பிரிந்து போயிருந்தது.

அந்தப் பெயர் எவ்வளவு பெரியதாக வளர்ந்தது என்பதற்கு ஒரு சின்னச் சோதனை. 'வாழ்வே மாயம்' படத்துக்கு இசை யார் என்று எங்கள் ஊரில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் இளையராஜா என்பார்கள். கங்கை அமரன் இசையமைத்த படம் அது, 1982. முந்தின வருஷத்து 'மௌன கீதங்கள்' கதையும் அதேதான். '16 வயதினிலே' படத்தில் எஸ். ஜானகிக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த செந்தூரப்பூ பாட்டை எழுதியவர் அமரன் என்பதும் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் 'தம்பி எழுதுனது' என்பார்கள். பெயர் சொல்லுகிற இடத்தில் உறவுமுறை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அவர் இயக்கிய படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். 'எங்க ஊரு பாட்டுக்காரன்' (1987), 'கரகாட்டக்காரன்' (1989), 'வில்லுப்பாட்டுக்காரன்' (1992). மூன்றிலும் நாயகன் ஊர்க்கலைஞன். கரகாட்டக்காரனில் ஒரு முழுக் குழுவே காரில் திரிகிறது. தவில்காரரும் நாதஸ்வரக்காரரும் சண்டை போடுகிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள், மறுபடி சண்டை போடுகிறார்கள். மதுரையில் அந்தப் படம் ஒரு வருஷத்தைத் தாண்டி ஓடியது. அதைக் கிராமிய மசாலா என்று ஒதுக்கிய விமர்சகர்களில் நானும் ஒருவன். இப்போது வேறு மாதிரி வாசிக்கத் தோன்றுகிறது. பெயர்ப்பலகை போன பிறகும் ஒருத்தர் திரும்பத் திரும்பக் குழுவைப் பற்றியே படம் எடுத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் இசை அண்ணன். பாவலர் பிரதர்ஸ் கடைசியாகக் கச்சேரி செய்தது அந்தப் படங்களில்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

பிறகு பிரிவு. அதற்கு ரசிகர்கள் மூன்று கதை வைத்திருந்தார்கள். ஒன்று பங்காளிச் சண்டைக் கதை: "பணம் வந்தா அப்படித்தான்." இரண்டாவது பக்தர் கதை: மேதைக்கு யாரும் ஒத்துவர முடியாது, தம்பிதான் அனுசரித்திருக்க வேண்டும். மூன்றாவது பாதிக்கப்பட்டவர் கதை: தம்பியை அமுக்கிவிட்டார்கள். மூன்றும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. மூன்றுக்குமே ஆள்கள்தான் கண்ணில் படுகிறார்கள். மேடையில் கூட்டாகப் பிறந்த உழைப்பு சந்தைக்கு வந்தால் அதன் பங்கை யார், எந்தத் தராசில் அளப்பது? இந்தக் கேள்வி மூன்றிலும் இல்லை.

இது நம்மூர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்கத் தென்மாநிலத்து ராக் இசையில் ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் என்று ஒரு குழு, 1969இல் தொடங்கியது. அங்கேயும் குழுப்பெயரில் அண்ணன் தம்பி. அங்கேயும் மூத்தவர் பாதியில் போய்விட்டார்: டுவேன் ஆல்மன் 1971இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அந்தக் குழுவின் இன்னொரு கிட்டார்காரர் டிக்கி பெட்ஸ், இளையராஜா பிறந்த அதே 1943இல் பிறந்தவர். 1973இல் குழுவின் மிகப்பெரிய வெற்றிப் பாட்டான 'ராம்ப்ளிங் மேன்' அவர் எழுதிப் பாடியது. ஆனால் பெயர் ஆல்மன்களுடையது. 2000இல் மற்றவர்கள் அவரை விலக்கினார்கள். செய்தி பேக்ஸில் போனது. 2014இல் நியூயார்க்கில் குழு கடைசிக் கச்சேரி நடத்தியபோது அவர் மேடையில் இல்லை. 2024 ஏப்ரலில் பெட்ஸ் இறந்தார். அவரை நினைக்கும் ரசிகர்கள் நேராகப் போய் நிற்பது அவரும் டுவேனும் இரண்டு கிட்டார்களைப் பின்னி வாசித்த அந்த இரண்டரை வருஷத்தில்தான். யார் பக்கம் நியாயம் என்ற வழக்கு அதற்கு அப்புறம்தான் வருகிறது. மைக்செட் கடைப் பெரியவரும் அதையேதான் செய்தார்.

பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற தகராறு 2017இல் நேராகவே வெடித்தது. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ். தம்பி அமரன் வெளிப்படையாகவே அண்ணனை விமர்சித்தார். 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் இளையராஜாவின் உரிமையை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. 2024இல், பாட்டில் பெரிது இசையா மொழியா என்று வைரமுத்து பேசியதும், அண்ணனுக்காக வரிந்து கட்டிக்கொண்டு வந்தவர் அதே அமரன். "ஆளு மாறிட்டாரு" என்று சிரித்தார்கள். மாறவில்லை என்றே எனக்குப் படுகிறது. குழுவில் இருப்பவன் உள்ளே நின்று அண்ணனைத் திட்டுவான், வெளியாள் திட்டினால் சட்டையைப் பிடிப்பான்.

அன்றைக்கு நம் வட்டாரத்தில் நாம் என்ன பேசினோம்? 'பாட்டு மக்கள் சொத்து' என்று சுலபமாகச் சொன்னோம். கம்பெனிகள் பல்லாண்டு தின்று கொழுத்த உழைப்புக்கு உழைத்தவன் பங்கு கேட்பது நியாயம். தோட்டக் கூலிக்காகப் பாடிய குழுவிலிருந்து வந்தவர் கூலி கேட்கிறார். அதை மறுக்க நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்த நியாயமே ஒரு பெயரை மட்டும் எழுதிக்கொண்டு மற்ற பெயர்களை வெளியே நிறுத்தவும் கூடும். சட்டம் ஆசிரியனைத் தேடுகிறது. கூட்டாசிரியர்கள் என்றாலும் ஆள் ஆளாகத்தான் எண்ணும். ஒரு ஊர்க் கூட்டம் சிரித்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

இங்கே என் கதையையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் நானும் ஒரு கலைக்குழுவில் இருந்தேன். அது அறிவொளி இயக்கக் காலம். பாட்டு எழுதினேன். உத்தமபாளையம், சின்னமனூர், கூடலூர் என்று சுற்றினோம். 1993இல் ஒரு கேசட் போட்டோம். அட்டையில் பாடல்கள் என்று என் பெயர், பாடியவர் பெயர், இயக்கத்தின் பெயர். பறையும் தவிலும் அடித்தவர்கள் பெயர் இல்லை. 'ஆசிரியனின் மரணம்' பற்றி ரொலான் பார்த்தை மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதிய அதே கையால் அந்த அட்டையை எழுதினேன். கட்டுரையில் செத்த ஆசிரியன் கேசட் அட்டையில் சௌக்கியமாக இருந்தான். இரண்டு மாதத்தில் தவில்காரர் குழுவுக்கு வருவதை நிறுத்தினார். 'சொந்த வேலை' என்றார்கள். நாங்களும் நம்பினோம், வசதியாக இருந்தது.

அந்தத் தவில்காரர்தான் மைக்செட் கடைக்காரர். எத்தனையோ வருஷமாக அவர் கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன், இதைப் பற்றிப் பேசியதில்லை. அன்றைக்கு எல்லோரும் போன பிறகு கேட்டேன்: "அண்ணே, நீங்க ஏன் அப்ப நின்னீங்க?"

ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அட்டையில எடம் இல்லைன்னு சொன்னீங்கள்ல தோழர்."

சொன்னது நான்தான். சொன்னதை மறந்திருந்தேன், அவர் மறக்கவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பாவலரின் மேடைகள் பற்றி நம் இயக்கங்கள் பெருமையாகப் பேசும். அந்த மேடைகளில் கூட நின்றவர்கள், பின்பாட்டுப் பாடியவர்கள், பெட்டி சுமந்தவர்கள் யார் யார் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதி வைத்தோமா? அண்ணன் தம்பிகள் பிரபலமானதால் அவர்கள் பெயர் தப்பித்தது. மற்றவர்களை இன்றும் வைத்திருப்பது பண்ணைப்புரம், தேவாரம் பக்கத்து வயசாளிகளின் ஞாபகம் மட்டும்தான். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சினிமா குழுவை விழுங்கியது என்று குற்றம் சாட்டுவதற்கு முன்னால் நம் துண்டறிக்கைகளையும் கேசட் அட்டைகளையும் எடுத்துப் பார்ப்பது நல்லது.

அன்றைக்கு ஒரு தாள் எடுத்து எங்கள் குழுவின் பெயர்களை எழுதினேன். ஒன்பது பேர். எனக்கு ஆறு பெயர்தான் வந்தது. அவர் இன்னும் இரண்டைச் சொன்னார், ஊரோடு. ஒன்பதாவது ஆள் கோம்பைப் பக்கத்துப் பையன், உறுமி அடிப்பான், சிரித்த முகம். அவன் பெயர் இரண்டு பேருக்குமே வரவில்லை.

"விசாரிப்போம் தோழர்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோம்பைக்குப் போவதாகப் பேசிக்கொண்டோம்.