ஒரு ஜன்னலும் ஒரு வீடும்

1948, லண்டன். போலந்திலிருந்து வந்த யூத அகதி டேவிட் டாஸ்மா, புற்றுநோயால் செத்துக்கொண்டிருந்தார். அடிக்கடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர், மருத்துவமனை சமூக சேவகி சிசிலி சாண்டர்ஸ். டாஸ்மா அவருக்கு 500 பவுண்டு எழுதிவைத்தார். சிசிலி கட்டப்போகும் இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டுமாம்!

ஜன்னல் ரெடி. வீடு? அதற்கு 19 வருஷம் ஆச்சு! நடுவில், முப்பது வயசுக்கு மேல் மருத்துவம் படித்து டாக்டரானார் சிசிலி. 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது. துடித்த பிறகு அல்ல, வலி தலைகாட்டுமுன்பே வேளாவேளைக்கு மார்ஃபின். நோயாளி போன பிறகும் குடும்பத்துக்கு ஆறுதல்.

2005-ல் சிசிலியும் அங்கேதான் கண்மூடினார். 'இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்கிறார்களே... செய்ய எவ்வளவு இருக்கிறது, பார்த்தீர்களா?