நெல்லூர் தண்ணியும் அம்மாவின் எலும்பும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச விஷயம். ஆபீஸ், கும்மிடிப்பூண்டி - சென்ட்ரல் ரயில், தூக்கம்னு தள்ளிப் போய்க்கிட்டே இருந்தது. போன வருஷம் அம்மா பாத்ரூமில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு முறிஞ்ச பிறகுதான் உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன்.

அம்மாவுக்கு 57 வயசு. மாவுக்கட்டு போட்ட டாக்டர் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் முதுகெலும்புக்கு நேரே டி-ஸ்கோர் மைனஸ் 2.7. வீட்டுக்கு விசாரிக்க வந்த பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் ஒரே குரலில் சொன்னது: "இனிமே எதையும் தூக்காதே, நடக்காதே, சும்மா உட்காரு." அம்மாவும் உட்கார்ந்துட்டாங்க. தண்ணிக் குடத்தைத் தொடுறதில்லை. மாடிப்படி ஏறுறதில்லை. "எலும்பு உளுத்துப் போச்சுடா, ஒரு தட்டு தட்டினா பொடியாயிடும்"னு சொல்லும்போது, கை முறிஞ்சதைவிட அந்தப் பயம்தான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சது.

சரி, அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? நம்ம எலும்பு எவ்வளவு அடர்த்தியா இருக்குன்னு, இளம் பெண்களின் சராசரியோட ஒப்பிட்டுச் சொல்றதுதான் டி-ஸ்கோர். மைனஸ் 2.5-க்குக் கீழே போனா எலும்புப்புரைன்னு கோடு போட்டது உலக சுகாதார நிறுவனம், 1994-இல். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது ஏன் அதிகமா வருதுங்கிறது அதுக்கும் முந்தைய கதை. பாஸ்டன் நகரத்து டாக்டர் ஃபுல்லர் ஆல்பிரைட், 1940-களின் தொடக்கத்தில், முதுகெலும்பு நொறுங்கி வந்த தன் நோயாளிகளில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள்னு கவனிச்சு, ஈஸ்ட்ரோஜன் குறைவதோட இதை முடிச்சுப் போட்டார்.

எலும்புங்கிறது கட்டி முடிச்ச சுவர் கிடையாது. ஒரு பக்கம் சில செல்கள் அரிச்சுக்கிட்டே இருக்கும், இன்னொரு பக்கம் வேற செல்கள் கட்டிக்கிட்டே இருக்கும். அரிக்கிற கூட்டத்தை அடக்கி வைக்கிறது ஈஸ்ட்ரோஜன். அது போனதும் இடிக்கிற வேகம் கட்டுற வேகத்தை மிஞ்சிடுது. முதல் சில வருஷங்களில்தான் இழப்பு ரொம்ப அதிகம்.

அப்போ அடர்த்தியை ஏத்திட்டா பிரச்சினை தீர்ந்தது இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. இதே மாதிரி டாக்டர்களும் நினைச்சாங்க. அந்தக் கதை ஆரம்பிக்கிற இடங்களில் ஒண்ணு எங்க ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கு :-)

எங்க ஊரிலிருந்து எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினா ஆந்திரா. இன்னும் வடக்கே போனா நெல்லூர். 1930-களில் அதுவும் மதராஸ் மாகாணம்தான். அந்த மாவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றில் ஜனங்களுக்குக் கழுத்து திரும்பாது, முதுகு வளையாது, கடைசியில் எழுந்து நிக்கவே முடியாது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த ஷார்ட்டும் அவரோட சகாக்களும் ஆராய்ஞ்சு, 1937-இல் காரணத்தை வெளியிட்டாங்க. கிணத்துத் தண்ணியில் இருந்த ஃபுளூரைடு!

இதில் என்ன விசேஷம்னா, அவங்க எலும்பு மெலிஞ்சு போகலை. எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை வெளேர்னு, அடர்த்தியா இருந்தது. அதே 1937-இல் டென்மார்க்கில் காய் ரோஹோல்ம் என்கிற டாக்டர், கிரையோலைட் தாது அரைக்கிற தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் இதையேதான் பார்த்து எழுதினார். உலகத்தின் ரெண்டு மூலையிலும் ஒரே பாடம்: அடர்த்தியான எலும்பு நல்ல எலும்பா இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

ஆனா வைத்திய உலகம் அதைத் தலைகீழாப் படிச்சது. ஃபுளூரைடு எலும்பை அடர்த்தியாக்குதுன்னா, மெலிஞ்சு போனவங்களுக்கு அதையே மருந்தாக் கொடுத்தா என்ன? 1961-இல் ரிச், என்சிங்க் என்கிற ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் இந்த யோசனையை முன்வெச்சாங்க. அடுத்த முப்பது வருஷம் பல நாடுகளில் சோடியம் ஃபுளூரைடு கொடுத்துப் பார்த்தாங்க.

முடிவு தெரிஞ்சது 1990-இல். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரிக்ஸ் என்கிற டாக்டர் தலைமையில், மாதவிடாய் நின்ற, எலும்புப்புரை வந்த 202 பெண்களை நாலு வருஷம் கவனிச்சாங்க. எல்லாருக்கும் கால்சியம் உண்டு. பாதிப் பேருக்குக் கூடவே தினம் 75 மில்லிகிராம் சோடியம் ஃபுளூரைடு. அவங்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் ஏறிச்சு. முப்பத்தஞ்சு! கேட்டா யாருமே துள்ளிக் குதிப்பாங்க. ஆனா முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையலை. கை, கால், இடுப்புன்னு மத்த எலும்புகளில் ஏற்பட்ட முறிவுகளை விரிசலோட சேர்த்து எண்ணினா, ஃபுளூரைடு சாப்பிட்டவங்களுக்கு 72, சாப்பிடாதவங்களுக்கு 24. மூணு மடங்கு.

எங்க தொழிலில் இது அடிக்கடி நடக்கிற கூத்து. எத்தனை வரி கோட் எழுதினேன்னு கணக்குக் கேட்டா வரிதான் பெருகும், சாஃப்ட்வேர் தேறாது. அளக்கிறதும் வேணுங்கிறதும் ஒண்ணு இல்லை. நமக்கு வேண்டியது ஸ்கேனில் பெரிய எண் இல்லை, விழுந்தா முறியாத எலும்பு. முக்கியமா, விழாமலே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் உடற்பயிற்சி வருது. எலும்பு தன் மேல விழுற பாரத்துக்கு ஏத்த மாதிரி தன்னைத் திருத்திக்கும்னு ஜெர்மன் டாக்டர் யூலியஸ் வோல்ஃப் 1892-லயே புத்தகம் போட்டார். 1977-இல் டென்னிஸ் வீரர்களின் எக்ஸ்ரேயைப் பார்த்தப்போ, மட்டை பிடிக்கிற கையின் மேல்கை எலும்புச் சுவர் மத்தக் கையைவிட ஆண்களுக்கு 35 சதவீதம், பெண்களுக்கு 28 சதவீதம் தடிமனா இருந்தது. எதிர்ப்பக்கம், பாரமே இல்லாத விண்வெளியில் மிதக்கிறவங்களுக்கு இடுப்பெலும்பு மாசத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் கரையுது. "சும்மா உட்காரு"ங்கிற பெரியம்மா வைத்தியம் என்ன செய்யும்னு இப்போ புரியுதா?

சரி, வயசான பிறகும் இது வேலை செய்யுமா? 1988-இல் அமெரிக்காவில் டால்ஸ்கி குழு 55 முதல் 70 வயசு வரையிலான பெண்களை நடக்க, மெதுவா ஓட, படி ஏற வெச்சாங்க. ஒன்பது மாசத்தில் முதுகெலும்பில் தாது அளவு 5.2 சதவீதம் ஏறிச்சு. பயிற்சியைக் குறைச்ச 13 மாசத்தில் ஏறினதில் பெரும்பகுதி இறங்கிடுச்சு. பேங்க் டெபாசிட் மாதிரி போட்டு மறந்துட முடியாது, மாசா மாசம் கட்டணும்.

1994-இல் பாஸ்டனில் மிரியம் நெல்சன் குழு, 50 முதல் 70 வயசுப் பெண்களுக்கு வாரம் ரெண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தது. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ஏற்றம் வெறும் 1 சதவீதம். ஃபுளூரைடின் 35 எங்கே, இந்த 1 எங்கே? ஆனா சும்மா இருந்தவங்களுக்கு 2 சதவீதம் போல இறங்கியிருந்தது. அதோட பயிற்சி செய்தவங்களுக்குத் தசையும் பலமும் கூடிச்சு, தடுமாறாம நிக்கிற சமநிலையும் கூடிச்சு. இது எதுவும் டெக்ஸா ரிப்போர்ட்டில் வராது. ஆனா பாத்ரூமில் வழுக்கும்போது காப்பாத்தப் போறது இதுதான்.

ஏற்கெனவே எலும்பு மெலிஞ்சவங்க கனமாத் தூக்கலாமா? 2018-இல் ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் இதுக்கும் பதில் சொல்லிச்சு. எலும்பு அடர்த்தி குறைஞ்ச 101 பெண்கள், வாரம் ரெண்டு தடவை, அரை மணி நேரம், எட்டு மாசம். நிஜமாவே கனமான எடை, பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்னு கண்காணிச்சபடி. முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடிச்சு. வீட்டில் லேசான பயிற்சி செய்தவங்களுக்கு 1.2 குறைஞ்சது. கனமாத் தூக்கினவங்களில் காயம்னு பதிவானது ஒருத்தருக்கு வந்த லேசான முதுகுப் பிடிப்பு மட்டும்தான்.

"எங்க பாட்டி குடம் தூக்கினா, நாத்து நட்டா, அவளுக்கு எந்த ஜிம்?"னு கேட்பீங்க. பாரம் இருந்தது, உண்மைதான். தட்டில் கால்சியம் இருந்ததா? வெயில் கொளுத்துற ஊர்தானேன்னும் அலட்சியமா இருக்க முடியாது. நம்ம பக்கத்துத் திருப்பதியில் மாதவிடாய் நின்ற 164 பெண்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து 2005-இல் வெளியிட்டாங்க. வைட்டமின் டி போதுமான அளவு இருந்தவங்க ஐந்தில் ஒருத்தர்கூட இல்லை. செங்கல் வராம கொத்தனாரை மட்டும் விரட்டினா சுவர் எழும்பாது.

மருந்தே வேண்டாம்னு சொல்ல வரலை. ஃபுளூரைடு தோத்தாலும், 1996-இல் அலென்ட்ரோனேட் என்கிற மருந்தை 2027 பெண்களிடம் சோதிச்சப்போ இடுப்பு முறிவு பாதியாக் குறைஞ்சது. அங்கே எண்ணினது அடர்த்தியை மட்டும் இல்லை, முறிவையும். அதுதான் வித்தியாசம்.

அம்மா இப்போ டாக்டர் எழுதின மாத்திரையும் சாப்பிடுறாங்க, பிசியோதெரபிஸ்ட்கிட்டயும் போறாங்க. முதல் மாசம் கையை ஊன்றாம நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறது மட்டும்தான். பிறகு ரெண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணி பாட்டில். போன வாரம் நான் ஆபீஸிலிருந்து வந்தப்போ ஆளைக் காணோம். மொட்டை மாடியில் வத்தல் காய வெச்சுக்கிட்டு நின்னாங்க. "படி ஏறி வந்தியா?"ன்னேன். "பின்னே, பறந்தா வருவாங்க?"ன்னாங்க.

அடுத்த ஸ்கேனில் என்ன எண் வரும்னு தெரியாது. வரும்போது பார்த்துக்கலாம்.

டிஸ்கி: நான் கோட் எழுதுற ஆள், டாக்டர் இல்லை. எலும்புப்புரை இருக்குன்னு தெரிஞ்சவங்க தானாவே குனிஞ்சு கனம் தூக்க ஆரம்பிக்காதீங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டு, தெரிஞ்சவங்க கண்காணிப்பில் செய்யுங்க. ஆனா "சும்மா உட்காரு"ன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க!