இரத்தப் புற்றிலிருந்து தோல் நோய்வரை: ஒரு மருந்தின் கதை

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் 1949-ஆம் ஆண்டில் இரமண மகரிஷியின் இடக் கையில் வளர்ந்த கட்டி, சார்கோமா என்னும் புற்று எனக் கண்டறியப்பட்டது. நான்கு முறை அறுவை செய்தனர். ரேடியக் கதிரும் செலுத்தினர். கட்டி மீண்டும் மீண்டும் வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14-இல் அவர் மறைந்தார். அக்காலத்தில் புற்றுக்கு எதிராக மருத்துவரிடம் இருந்தவை பெரும்பாலும் கத்தியும் கதிருமே. அப்படியானால், உடலெங்கும் ஓடும் இரத்தத்தில் பரவிய புற்றை எவ்வாறு வெட்டி எடுப்பது?

இவ்வினாவுக்கு விடை காண உதவியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், ஸ்ப்ரூ என்னும் கழிச்சல் நோய்க்கு உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்தவர். பின்னர் அமெரிக்கா சென்றார். 1945-இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். அது ஸ்ப்ரூவுக்கும் மருந்தாயிற்று.

பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலச் சேர்மங்கள் இரத்தப் புற்றை விரைவுபடுத்துவதாகக் கண்டார். உயிரணு பெருக இவ்வைட்டமின் தேவை, அதைத் தடுத்தால்? சுப்பாராவின் குழு அளித்த அமினோப்டெரின் என்னும் எதிர்ப்பொருளைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேருக்குத் தற்காலிக நலம் கிட்டியது. இம்முடிவு வெளியான 1948-ஆம் ஆண்டின் ஆகஸ்டிலேயே சுப்பாராவ் காலமானார்.

இரத்தப் புற்று தோலிலும் தன் அடையாளத்தைக் காட்டுவதுண்டு. தட்டணுக்கள் குறைந்தால் தட்டையான செம்புள்ளிகள் தோன்றும். சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களே அழற்சியுறும். அப்போது கால்களில் தடவினால் தட்டுப்படும் செந்தடிப்புகள் எழும்.

1951-இல் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. மூட்டு வாதத்துக்கு அமினோப்டெரின் பெற்றவர்களில் சிலரது காளாஞ்சகப்படை மறைந்தது! அதன் உறவுப் பொருளான மெத்தோட்ரெக்சேட் இன்று குழந்தைகளின் இரத்தப் புற்று, காளாஞ்சகப்படை, சிலவகை இரத்தக் குழாய் அழற்சி ஆகிய மூன்றுக்கும் பயன்படுகிறது.

ஓர் எச்சரிக்கை: தோல் நோய்க்கு இம்மருந்து வாரம் ஒருமுறை மட்டுமே, குறைந்த அளவில். தவறி நாள்தோறும் விழுங்கினால் எலும்பு மச்சை செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகும். பக்க விளைவைக் குறைக்க, வேறொரு நாளில் ஃபோலிக் அமிலமும் தருவர். வைட்டமினும் அதன் எதிரியும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. இன்று ஒரே நோயாளிக்கு இரண்டும் உதவுகின்றன.