தங்கவயலும் அதன் பல்கலைக்கழகங்களும்

வடகோடியில் பாலகாட்டில் தொடங்கி, நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் மைன்ஸ் என்று தெற்கு நோக்கி நீண்ட கோலார் தங்கவயலின் சுரங்கங்களை ஜான் டெய்லர் கம்பெனியார் 1880 முதல் நடத்திவந்த நாட்களில், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து லைன் வீடுகளில் ஜீவனம் செய்த தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் என்பது எட்டாத தூரத்தில் இருந்தது. தங்கவயலை உள்ளடக்கிய மைசூர் சமஸ்தானத்துக் கல்லூரிகளே அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில்தான் இயங்கின.

அந்நிலை 1916 ஜூலையில் மாறியது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் வேந்தராகவும், எச். வி. நஞ்சுண்டய்யா முதல் துணைவேந்தராகவும் அமைய, மைசூர்ப் பல்கலைக்கழகம் ஸ்தாபிக்கப்பட்டது. ஆங்கிலேயரின் நேர் ஆட்சிக்கு வெளியே, ஒரு சுதேச சமஸ்தானத்தில் எழுந்த முதற் பல்கலைக்கழகம் அதுவே. அதற்காக அயராது உழைத்த திவான் விசுவேசுவரய்யா அந்நாளைய கோலார் ஜில்லாவின் முத்தேனஹள்ளியில் பிறந்தவர் என்பதும், சமஸ்தானத்தின் வருவாயில் தங்கத்தின் மீதான ராயல்டி ஒரு முக்கிய இனமாக இருந்தது என்பதும் தங்கவயல்காரர் மறக்கக்கூடாத விஷயங்கள். பூமிக்கடியில் வெடிமருந்துப் புகையை சுவாசித்தவர்களின் உழைப்பும் அந்தக் கலாசாலையின் அஸ்திவாரத்தில் சேர்ந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதன் பயன் அவர்களுடைய சந்ததிக்கு மிகவும் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

அதற்குக் கல்வியில் அவர்களுக்குச் சிரத்தை இல்லாதது காரணமன்று. பௌத்தச் சிந்தனையாளரான அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகைக்கு, ஷிப்ட்டு முடிந்து களைத்து வந்த சுரங்கத் தொழிலாளரிடையே பேராதரவு இருந்தது. அவர் 1914-ல் மறைந்த பிறகு, 1926-லிருந்து அதே பத்திரிகை ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சாம்பியன் ரீஃபிலிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. பட்டம் கொடுக்க ஒரு ஸ்தாபனம் அருகில் இல்லாத காலத்திலேயே பத்திரிகை நடத்தி, புத்தகம் பதிப்பித்து, பௌத்த சங்கத்தில் கூடி விவாதம் செய்த ஒரு ஜனசமூகத்தை வெறும் கூலி ஜனம் என்று எழுதிச் செல்வது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம்.

அந்தச் சந்ததியில் பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர், அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டினால், அதில் கண்டபேருண்டம் என்னும் இருதலைப் பறவை சமஸ்தானத்தின் சின்னமாகக் காட்சி தரும். 1964-ல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் தனியே பிரிந்தபின், அதன் கீழ்ப் படித்தவர்களின் பட்டத்தில் பெயரும் சின்னமும் மாறின. அதன் துணைவேந்தராக 1972 முதல் 1977 வரை இருந்த எச். நரசிம்மய்யாவைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்லியே ஆகவேண்டும். அக்காலத்தில் கோலார் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கௌரிபிதனூர்த் தாலுகா ஹொசூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மேற்படிப்பை நாடிப் பெங்களூருக்குக் கால்நடையாகவே போய்ச் சேர்ந்த அவர், பௌதிகப் பேராசிரியராக உயர்ந்து, துணைவேந்தரான பின்னும் எளிய வாழ்க்கையைக் கைவிடாமல், அற்புதங்களை விஞ்ஞான முறையில் விசாரிக்க 1976-ல் ஒரு குழுவை நியமிக்கும் துணிவும் கொண்டிருந்தார். ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைமை தாங்குபவருக்கு வேண்டிய யோக்கியதை எதுவென்று கேட்பவருக்கு அவருடைய வாழ்க்கையையே சுட்டிக்காட்டுவேன்.

தங்கவயல் சுரங்கங்களைப் பிற்காலத்தில் நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி கடைசியில் மூடப்பட்டு, ஜனங்கள் அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலை தேடிப் போகத் தொடங்கிய பின்னர், பிள்ளைகளின் படிப்பு ஒன்றே பல குடும்பங்களுக்குச் சொத்தாகியது. பெங்களூர்ப் பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, கோலாரை அடுத்த தமகாவைத் தலைமையிடமாகக் கொண்டு பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம் 2017-ல் இயங்கத் தொடங்கியது. கோலார், சிக்கபள்ளாபூர் மாவட்டங்களும் பெங்களூரு நகரத்தின் ஒரு பகுதியும் அதன் எல்லைக்குள் அடங்கும். முதல் துணைவேந்தர் நூலகவியல் பேராசிரியரான டி. டி. கெம்பராஜு, அவருக்கு அடுத்து வந்தவர் இதழியல் துறையின் நிரஞ்சன வானள்ளி.

இந்தப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகம் கர்நாடக மாநிலப் பல்கலைக்கழகங்கள் சட்டம் 2000-க்கு உட்பட்டது. ஆளுநர் வேந்தர், உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர், தேடற்குழு தரும் பட்டியலிலிருந்து அரசின் இசைவோடு வேந்தர் நியமிக்கும் துணைவேந்தரின் பதவிக்காலம் 4 ஆண்டுகள். மாணவனுக்கு அன்றாடம் தேவைப்படுவோர் இருவர்: நிர்வாகக் காரியங்களுக்குப் பதிவாளர், தேர்வுக்கும் மார்க்ஸ் கார்டுக்கும் மதிப்பீட்டுப் பதிவாளர். கொள்கை முடிவுகள் சிண்டிகேட்டிலும், பாடதிட்டம் கல்விப் பேரவையிலும் தீர்மானமாகின்றன. பொறியியல் படிக்க விரும்புவோர் இதன் கீழ் வரமாட்டார்கள். அவர்களுடைய பட்டம் பெலகாவியில் உள்ள விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினுடையது.

பாலகாட்டிலும் மாரிக்குப்பத்திலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இவ்வருஷம் பி.யூ.சி. முடிக்கும் பிள்ளைகளே, உங்கள் முன்னோர் சென்னையையும் மைசூரையும் பார்த்து ஏங்கிய வித்தை இன்று ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கிறது. பட்டத்தோடு நின்றுவிடாமல், முதுகலையும் ஆராய்ச்சியும் செய்து, தங்கவயலின் சரித்திரத்தையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு, ஒரு நாள் அந்தக் கல்விப் பேரவையிலும் சிண்டிகேட்டிலும் உறுப்பினராக அமருங்கள்.