கேமரன் மலையிலிருந்து போர்ட்டிக்சனுக்குக் குடிபெயர்கிறீர்களா? தெரிந்துகொள்ள வேண்டியவை

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கப்பட்டது. அங்கும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தலைமுறைகளாக வாழும் நம் குடும்பங்களில், பணி ஓய்வுக்குப் பிறகோ பிள்ளைகளின் வேலையை ஒட்டியோ மலையை விட்டு இறங்குவோர் உண்டு. லின்சம், சுவா பெத்தோங், சிலியாவ் பக்கம் சொந்தபந்தம் இருந்தால் நெகிரி செம்பிலான் கடற்கரைதான் முதலில் நினைவுக்கு வரும். அப்படிப் புறப்படுகிறவர்கள் வீட்டு வாடகையை விசாரிக்கும் அளவுக்கு வெயிலைப் பற்றி விசாரிப்பதில்லை.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். தானா ரத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் அங்கே சராசரி வெப்பம் 18 பாகை அளவில் நிற்கிறது. 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி அங்கே 7.8 பாகை பதிவானது; நாட்டின் மிகக் குறைந்த அளவு அதுதான். போர்ட்டிக்சனில் பகலில் 31, 32 பாகை சாதாரணம். இரவிலும் 24-க்குக் கீழே அரிதாகத்தான் இறங்கும். உடம்பைச் சோர வைப்பது பகல் வெயிலைவிட இந்த இரவுப் புழுக்கம்தான். மலையில் கம்பளி போர்த்தித் தூங்கிய பெரியவர்களுக்கு முதல் வாரம் தூக்கமே வராது.

புதிய வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அந்த நாள்களில் வியர்வை சீக்கிரம் சுரக்கப் பழகும், வியர்வையில் வெளியேறும் உப்பும் குறையும். வந்து இறங்கிய மறுநாளே செம்பனைக் குலை வெட்டவோ கட்டுமான வேலைக்கோ முழு நாள் போவது ஆபத்து. முதல் நாள்களில் அரை நாள் வேலை, பிறகு சிறுகச் சிறுகக் கூட்டுவது என்று முதலாளியிடமோ மண்டோரிடமோ முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நெகிரி தோட்டத்து ஆட்கள் விடியுமுன் பால் வெட்டப் போவதற்குக் காரணம், குளிர்ச்சியான நேரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதுதான். வெயில் ஏறுமுன் மனிதனுக்கும் வேலை முடிகிறது. தேயிலை மலையில் பகல் முழுக்க நின்று கொழுந்து பறித்தவர்கள் இந்த நேரக் கணக்கைப் பழகிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: கடற்கரையில் பகலில் கடல் காற்று வீசும், செம்பனைக் காட்டுக்குள் அது வராது. அதே 32 பாகை அங்கே இன்னும் கூடுதலாகத் தெரியும்.

தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் வந்தால் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். பேச்சு குழறி, நினைவு தடுமாறி, உடம்பு கொதித்தால் அது வெப்பத் தாக்கம். உடனே 999-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பை நனைத்து விசிறுங்கள். வானிலை இலாகா, பகல் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை வரை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை விடுகிறது. 37-க்கு மேல் 40 வரை இரண்டாம் நிலை, 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை.

இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இடம் மாறியதை அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். மாத்திரையால் போகும் நீரோடு வியர்வையும் சேர்ந்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவதும் தவறு. இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. பயன்பாட்டில் உள்ள மருந்தை மலை வீட்டில் அலமாரியில் வைத்திருப்பீர்கள். இங்கே மத்தியானத்தில் அறைக்குள்ளேயே 30 பாகை தாண்டும், மருந்தின் வீரியம் குறையும். அதை ஐஸ் பெட்டியின் கதவுப் பக்கம் வையுங்கள், உறைய விடக்கூடாது. காரிலோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது டெங்கி. குளிரில் ஏடிஸ் கொசு எளிதில் பெருகாது. கடற்கரை வெப்பத்தில் முட்டை ஒன்று ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். வாரம் ஒரு முறை பூச்சட்டித் தட்டு, வாளி, குளியலறைத் தொட்டி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாதலால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. காய்ச்சல் விட்டதும் ‘சரியாயிடுச்சு’ என்று இருந்துவிடாதீர்கள். டெங்கியில் அப்போதுதான் ஆபத்தான கட்டம் தொடங்கும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் கண்டால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலுக்குப் பனடோல் போதும், ஆஸ்பிரின் கூடாது.

வீடு பார்க்கும்போது மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் எந்த வீடும் குளுகுளு என்றுதான் இருக்கும். மேற்குப் பார்த்த சுவர் சுட்டெரிக்கும். அந்த அறையில் வயதானவர்களைப் படுக்க வைக்காதீர்கள். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்கு ஏறக்குறைய 0.8 யூனிட் மின்சாரம் எடுக்கும். இரவில் எட்டு மணி நேரம் போட்டால் மாதம் 190 யூனிட் அளவுக்கு வரும். காற்றாடி அதே நேரத்துக்கு மாதம் 15 யூனிட்தான். கடலோரத்தில் உப்புக் காற்று தகரத்தையும் மோட்டார் சைக்கிள் சங்கிலியையும் அரிக்கும். வாரத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள்.

புறப்படுமுன் வேலைக் கணக்கை முடிப்பதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். ஆள்குறைப்பில் நிறுத்தப்பட்டால் 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி இழப்பீடு உண்டு: ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் 10 நாள். குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். நீங்களாக ராஜினாமா கடிதம் கொடுத்தால் இது கிடைக்காது. ஆகவே தோட்டம் ஆட்களைக் குறைக்கப் போகிறது என்று தெரிந்தால், யார் நீட்டினாலும் படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தோட்ட வீடு வேலையோடு சேர்ந்தது. எந்தத் தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வந்து சேர்ந்ததும் 30 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் மைகாட் முகவரியை மாற்றிவிடுங்கள். வாக்காளர் முகவரியையும் கவனிக்க மறக்க வேண்டாம். இல்லையென்றால் தேர்தல் அன்று மீண்டும் மலையேற வேண்டியிருக்கும். பிள்ளைகளின் பள்ளி மாற்றத்துக்குப் பழைய பள்ளியிலேயே பாரம் கேளுங்கள். போர்ட்டிக்சன் வட்டாரத்தில் பட்டணத்திலும், சுவா பெத்தோங், லின்சம் போன்ற தோட்டங்களின் பெயரிலும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன.

கடைசியாகச் சமையலறை. மலையில் தோசை மாவு புளிக்க ஒரு நாள் கூட ஆகும், அடுப்புப் பக்கம் வைத்துக் காத்திருப்போம். இங்கே ராத்திரி அரைத்தால் விடிவதற்குள் பொங்கி வழிந்துவிடும். பொங்கியதும் ஐஸ் பெட்டியில் வைக்காவிட்டால் மத்தியானம் வாயில் வைக்க முடியாத புளிப்பு. முட்டைக்கோஸ், ஸ்ட்ராபெரி வளர்த்த கை, வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டுப் பார்க்கலாம். மலையில் நகராமல் நின்ற கறிவேப்பிலைச் செடி இங்கே மரமாகவே வளரும்.