சிற்றூர் நூலகத்தில் பாட்டும் படமும்

நூலகம் என்றால் படிக்கும் இடம். அங்கே பாட்டுக்கும் படத்துக்கும் என்ன வேலை? வரிப்பணத்தில் நடக்கும் ஒரு நிலையம் மக்களுக்கு அறிவைக் கொடுத்தால் போதாதா, பொழுதுபோக்கையும் கொடுக்க வேண்டுமா?

இந்தக் கேள்வி புதியதன்று. சிங்கப்பூர் எஸ்பிளனேடில் இசை, நடனம், நாடகம், திரைப்படம் ஆகிய கலைகளுக்கென்றே 2002-ஆம் ஆண்டு ஒரு பொது நூலகம் திறக்கப்பட்டபோது, இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய நூறு வயது ஆகியிருந்தது. எஸ்பிளனேட் நூலகத்துக்காவது தேசிய நூலக வாரியத்தின் பக்கபலம் இருந்தது. ஒரு கூடம், இரண்டு மூன்று ஊழியர், ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கப்படும் பணம், இப்படி இருக்கும் சிற்றூர் நூலகங்கள் எவ்வாறு பாட்டையும் படத்தையும் சேர்த்தன என்பதே சுவையான வரலாறு. அந்த வரலாற்றின் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது. ஊருக்கு ஊர் பொது நூலகம் எழுந்த நாடு அது.

முதலில் அந்த ஆட்சேபத்தையே எடுத்துக்கொள்ளலாம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே ஆட்சேபம் நாவல்கள் மீதுதான் இருந்தது. கதைப்புத்தகம் இளையோரைக் கெடுக்கும், அதற்கு ஊர்ப்பணத்தைச் செலவிடலாகாது என்று நூலகர்களே வாதிட்டார்கள். 1890-களில் பல அமெரிக்க நூலகங்கள் ஒரு சமரசத்துக்கு வந்தன. ஒருவர் ஒரே வேளையில் இரண்டு நூல்களை இரவல் பெறலாம். ஆனால் அவற்றுள் ஒன்றுதான் கதையாக இருக்கலாம். மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது போன்ற ஏற்பாடு! அப்படிக் கதவைத் திறந்து நாவலை உள்ளே விட்டபின், பாட்டை நெடுநாள் வாசலில் நிறுத்திவைக்க முடியவில்லை.

மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரப் பொது நூலகம் 1914-ஆம் ஆண்டு வாக்கிலேயே கிராமபோன் இசைத்தட்டுகளைச் சேர்த்து இரவல் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இத்துறையின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. ஆனால் சிற்றூர்கள் உடனே பின்தொடரவில்லை. அதற்குக் காரணம் கொள்கையன்று, அரக்கு. அந்தக் கால இசைத்தட்டு அரக்குக் கலவையால் ஆனது, கைதவறினால் உடைந்துவிடும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடப் பாட்டுதான் அடங்கும். பெரிய சிம்பொனி ஒன்றைக் கேட்க வேண்டுமானால் நான்கைந்து தட்டுகள் வேண்டும். அவற்றைப் புகைப்பட ஆல்பம் போன்ற கனத்த அட்டைகளுக்குள் வைத்து விற்றார்கள். இன்று பத்துப் பாட்டுகளின் தொகுப்பை 'ஆல்பம்' என்று எல்லாரும் சொல்கிறார்களே, அந்தப் பெயர் பிறந்த இடம் அதுதான். ஐந்து தட்டுகளில் ஒன்று உடைந்து திரும்பி வந்தால் மற்ற நான்கும் வீண். சிறிய நூலகம் எத்தனை முறை அந்த இழப்பைத் தாங்கும்?

1948-இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டை வெளியிட்ட பிறகு நிலைமை மாறியது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை. எளிதில் உடையாத பொருள். ஆயினும் கீறல் பயம் போகவில்லை. பிரிட்டனில் இசைத்தட்டு இரவல் கொடுத்த பல நூலகங்கள், உறுப்பினர் தம் வீட்டு இசைப்பெட்டியின் ஊசியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று விதித்தன. தேய்ந்த ஊசி தட்டைக் கெடுத்துவிடும் என்பதால் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபின்தான் தட்டு கைக்கு வரும். புத்தகம் எடுப்பவரின் கண்ணாடியை எந்த நூலகமும் சோதித்ததில்லை!

படத்தின் கதை வேறு. திரையரங்குகளில் ஓடிய 35 மில்லிமீட்டர் படச்சுருள் நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. தீப்பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியக்கூடியது. காகிதம் நிறைந்த கட்டடத்துக்குள் அதை யார் அனுமதிப்பார்கள்? 1923-இல் கோடாக் நிறுவனம் எளிதில் தீப்பற்றாத 16 மில்லிமீட்டர் சுருளைக் கொண்டுவந்தது. பள்ளிக்கூடங்களுக்கும் சங்கங்களுக்கும் நூலகங்களுக்கும் படம் எட்டும் பொருளாயிற்று. எட்டும் பொருள் என்றாலும் மலிவான பொருளன்று. ஒரு படப் பிரதியின் விலைக்கு ஒரு தட்டு நிறையப் புத்தகம் வாங்கிவிடலாம். மேலும், புத்தகம் ஆண்டுக்கணக்கில் ஆளுக்கு ஆள் கைமாறும். நாலாயிரம் பேர் உள்ள ஊரில் ஒரு படத்தை இரண்டு முறை திரையிட்டால், பார்க்க வேண்டியவர் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். அதன்பின் சுருள் பெட்டிக்குள் தூங்கும்.

இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடைதான் 'படச் சுற்று'. கார்னகி அறநிதியின் உதவியோடு அமெரிக்க நூலகச் சங்கம் இதில் இறங்க, 1948-இல் மிசூரி மாநிலத்திலும் ஒஹாயோவின் வடபகுதியிலும் இரண்டு சுற்றுகள் சோதனையாகத் தொடங்கின. சீட்டுக் கட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். பல நூலகங்கள் சேர்ந்து ஆண்டுச் சந்தா கட்டும். திரண்ட பணத்தில் படங்களை வாங்கிச் சில கட்டுகளாகப் பிரிப்பார்கள். ஒரு கட்டு ஒரு நூலகத்தில் ஒரு மாதம் இருக்கும். மாதம் முடிந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்படும். வேறோர் ஊரிலிருந்து புதிய கட்டு வந்து சேரும். இரண்டு படம் வாங்கவும் வழியில்லாத ஊர் மாதந்தோறும் புதிய படங்களைக் காட்டியது. விவசாயச் சங்கமும் தாய்மார் கூட்டமும் தேவாலயக் குழுவும் நூலகத்துக்கு வந்து படத்தைக் கேட்டு வாங்கிச் சென்றன. அறுந்த சுருளை ஒட்டுவதும் நூலகர் வேலையாயிற்று.

குறையும் இருந்தது. போன மாதம் பார்த்த படத்தை இன்னொரு முறை கேட்டால், அது இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ! படங்கள் எல்லாருக்கும் பொது. ஆகவே எந்த ஊருக்கும் முழுச் சொந்தமல்ல. ஆனாலும் அந்தக் கூட்டத்தின் பணத்தில் வாங்கிய பிரதிகள் அவை. யாரும் வந்து திருப்பிக் கேட்க முடியாது.

இந்த 'யாரும் திருப்பிக் கேட்க முடியாது' என்பதுதான் நூலக அலமாரிக்கு அடித்தளம். அதன் பின்னால் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் ஒரு நாவலை வெளியிட்டு, 'ஒரு வெள்ளிக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல்' என்று நூலுக்குள்ளேயே அச்சிட்டது. நியூயார்க்கின் மேசிஸ் அங்காடி அதே நாவலை 89 காசுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒருமுறை விற்றுவிட்ட பிரதியின் அடுத்த விற்பனையைப் பதிப்புரிமை கட்டுப்படுத்தாது என்று 1908-இல் தீர்ப்பு வந்தது. தள்ளுபடி விற்பனைக்காக ஓர் அங்காடி நடத்திய சண்டை, நூலகங்களுக்கு வாழ்வு கொடுத்தது எனலாம். காசு கொடுத்து வாங்கிய பிரதியை விற்கலாம், கொடையளிக்கலாம், இரவலும் கொடுக்கலாம் என்ற நெறி பின்னர் சட்டத்திலேயே ஏறியது. 1984-இல் இசைத்தட்டுகளை வாடகைக்கு விடுவதை அமெரிக்க நாடாளுமன்றம் தடுத்தபோதுகூட, இலாப நோக்கமற்ற நூலகங்களுக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கு இல்லாமற்போயிருந்தால் நூலகத்து இசைப்பகுதிக்குச் சிக்கல் வந்திருக்கலாம். ஆனால் ஒன்று: வாங்கிய படத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம், நூலக மண்டபத்தில் ஊரைக் கூட்டித் திரையிடத் தனி அனுமதி வேண்டும்.

வீடியோ காலம் வந்தது. வீட்டுக்கு வீடு வீடியோ பெட்டி நுழைந்த 1980-களில் இந்த வட்டாரத்தில் வீடியோ கடைகள் எப்படி முளைத்தன என்பது பலருக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் தொடக்கத்தில் ஒரு படத்தின் நாடா 79.95 வெள்ளிக்கு விற்கப்பட்டது. வாடகைக் கடைகளை மனத்தில் வைத்துப் போட்ட விலை அது. 1982-இல் பாரமவுண்ட் நிறுவனம் ஒரு 'ஸ்டார் டிரெக்' படத்தை 39.95 வெள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தது. நன்றாக விற்றது. விலை இறங்க இறங்க, சிறிய நூலகங்களும் நாடா வாங்கின. 1997-இல் டிவிடி அமெரிக்கச் சந்தைக்கு வந்தபின் வேகம் கூடியது. மெல்லிய பெட்டி, குறைந்த விலை, அஞ்சலில் போனாலும் கெடாத பொருள். படச்சுற்றுக்கு வேலை இல்லாமற்போனது. ஒவ்வோர் ஊரும் தன் அலமாரியைத் தானே நிரப்பிக்கொண்டது.

நிரப்புவது வேறு, சேர்ப்பது வேறு என்பதை 2004-ஆம் ஆண்டு ஒரு வேடிக்கையான நிகழ்வு காட்டியது. குறுவட்டுகளின் விலையை இறங்கவிடாமல் பிடித்துவைத்தார்கள் என்று பல மாநிலங்கள் இசை நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்திருந்தன. 2002-இல் ஏற்பட்ட சமரசத்தில், பணத்தோடு 5 மில்லியனுக்கும் அதிகமான குறுவட்டுகளைப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கொடுக்க நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. இலவசமாக வந்த பெட்டிகளைத் திறந்து பார்த்த நூலகர்கள் திகைத்தார்கள். மில்வாக்கி நகர நூலகத்துக்கு விட்னி ஹூஸ்டன் பாடிய தேசிய கீதத்தின் ஒரே வட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் வந்திருந்தன! விற்காமல் தேங்கியது இரவலுக்கு மட்டும் போய்விடுமா? ஊரில் யார் இருக்கிறார்கள், எந்த மொழி பேசுகிறார்கள், எதைக் கேட்டு வந்து கிடைக்காமல் திரும்புகிறார்கள் என்று பார்த்து ஒவ்வொன்றாக வாங்கிய நூறு வட்டுகளின் பெறுமானம் அந்தப் பெட்டிகளுக்கு இல்லை.

இதுவரை சொன்ன எல்லா மாற்றத்திலும் ஒன்று மாறவில்லை. தட்டு, சுருள், நாடா, வட்டு என்று வடிவம் எதுவானாலும் நூலகம் அதை விலைக்கு வாங்கியது. இணையவழிப் படம் வந்தபோது அதுதான் மாறியது. 2008-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய கானோபி, 2013-இல் அமெரிக்காவில் வந்த ஹூப்லா போன்ற சேவைகள் நூலக அட்டை வைத்திருப்பவருக்கு வீட்டிலிருந்தே படமும் பாட்டும் தருகின்றன. வாசகருக்குச் செலவில்லை. நூலகத்துக்கு உண்டு, பெரும்பாலும் ஒவ்வொரு முறை ஒருவர் பார்க்கும்போதும் கட்டணம். டிவிடியை நூறு பேர் எடுத்தால் நூலகருக்கு மகிழ்ச்சி. இங்கே நூறு பேர் பார்த்தால் பில் நூறு மடங்கு. மக்கள் விரும்ப விரும்பக் கையிருப்பு கரையும் விந்தையான ஏற்பாடு இது. நியூயார்க், புரூக்ளின், குவீன்ஸ் ஆகிய மூன்று பெரிய நூலக அமைப்புகளே கட்டுப்படியாகவில்லை என்று 2019 ஜூலை 1-ஆம் தேதி கானோபியை நிறுத்திவிட்டன. நிறுத்தியபின் அலமாரியில் எஞ்சியது ஒன்றுமில்லை.

பெரிய நகரத்துக்கு வேறு வழிகள் உண்டு. சிற்றூர்களுக்கு? 2025 மார்ச்சில் நூலகங்களுக்கான மத்திய அரசு நிதி தடைப்பட்டபோது, மிசிசிப்பி மாநில நூலக ஆணையம் ஹூப்லா சேவையை நிறுத்திவைத்தது. அதை நம்பியிருந்த சிற்றூர் வாசகர்களுக்கு அந்தப் படங்களும் பாட்டுகளும் ஒரே நாளில் எட்டாமற்போயின. 1948-இல் மிசூரியின் படச் சுற்றில் நிதி நின்றிருந்தால், ஏற்கெனவே வாங்கிய சுருள்களாவது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்திருக்கும். போதாக்குறைக்கு வட்டுகளை வாங்கும் இடங்களும் குறைந்து வருகின்றன. நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பரில் அஞ்சல்வழி டிவிடியை நிறுத்தியது. பெரிய அங்காடிகள் சில விற்பனையைக் கைவிட்டன. இணையத்தில் இல்லாத, மறுபதிப்பும் காணாத படங்கள் பல உண்டு. அத்தகைய படத்தின் பழைய டிவிடி, 'யாரும் எடுப்பதில்லை' என்று கழிக்கப்படும் பெட்டியில் கிடக்கலாம். கழிக்கும் முன் நூலகர் ஒருமுறை தேடிப் பார்ப்பது வீண்வேலையன்று.

வாடகை யுகத்திலும் சொந்த அலமாரிக்கு வழி தேடிய நூலகம் ஒன்று உண்டு. அயோவா சிட்டி, ஏறத்தாழ 68,000 பேர் வாழ்ந்த பல்கலைக்கழக ஊர். 2012-இல் அதன் பொது நூலகம் பெரிய இசை நிறுவனங்களிடம் போகாமல், தன் ஊரில் பாடுபவர்களையும் இசைக்குழுக்களையும் அணுகியது. ஓர் ஆல்பத்துக்கு 100 வெள்ளி. இரண்டு ஆண்டு உரிமை. அந்தக் காலத்துக்குள் நூலக அட்டை வைத்திருக்கும் ஊரார் அதைத் தங்கள் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். எத்தனை பேர் இறக்கினாலும் பில் ஏறாது. பூட்டு எதுவும் போடாத கோப்புகள் அவை. இரண்டு ஆண்டு முடிந்து நூலகத்தின் உரிமை காலாவதியானாலும், ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர் வீட்டில் அந்தப் பாட்டு அவருடையதாகவே இருக்கும்.