சபையும் மேடையும்: ரோசெட்டா தார்ப்பின் கிதார்

1

வரலாறு எழுதுகிறவர்களுக்கு 'இருந்து' என்றொரு சொல்லும் 'வரை' என்றொரு சொல்லும் இல்லாவிட்டால் கை ஓடாது. 1938 டிசம்பர் 23 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் நடந்த நிகழ்ச்சியொன்றின் பெயரிலேயே இந்த இரண்டும் இருந்தன: 'ஸ்பிரிச்சுவல்ஸிலிருந்து ஸ்விங் வரை'. அடிமைகளின் பக்திப் பாட்டில் தொடங்கி நகரத்து நடன இசைக்கு வந்து சேர்ந்த ஒரு வளர்ச்சியைக் காட்டுவது அமைப்பாளர் ஜான் ஹேமண்டின் எண்ணம். ஆதரவு தந்தது 'நியூ மாஸஸ்' என்ற இடதுசாரிப் பத்திரிகை. ஹேமண்டின் நல்லெண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்று மேடையேறிய 23 வயதுப் பெண் ஒருவர் அந்தத் தலைப்பையே ஆட்டிவிட்டார் என்று எனக்குப் படுகிறது.

அவர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப். ஆல்பர்ட் அம்மன்ஸ் பியானோவில் பூகி-வூகி வாசிக்க, இவர் கிதாரோடு பாடினார். பாட்டு தேவனைப் பற்றியது; தாளமோ கேட்கிறவன் காலைச் சும்மா விடாத தாளம். இவரை ஏணியின் எந்தப் படியில் நிறுத்துவது? அடிப்படியிலா, உச்சியிலா? இரண்டு முனையையும் ஒரே ஆள் ஒரே பாட்டில் பிடித்துக்கொண்டு நின்றால் ஏணி என்னத்துக்கு?

அன்றைய நிகழ்ச்சியில் இன்னொரு சங்கதியும் நடந்தது. மிஸிஸிப்பியின் ராபர்ட் ஜான்சனை மேடையேற்ற ஹேமண்ட் விரும்பியிருந்தார். ஜான்சன் அந்த ஆகஸ்டிலேயே செத்துப்போயிருந்தார். ஆகவே மேடையில் அவருடைய இசைத்தட்டைச் சுழலவிட்டார்கள். 1961இல் ஜான்சனின் பதிவுகள் நெடுந்தட்டாக வெளிவந்தபோது அதைக் கேட்டு வளர்ந்த வெள்ளை இளைஞர்கள் அவரைக் கிதாரின் ஆதிதெய்வமாக்கினார்கள். மேடையில் இல்லாதவர் வரலாற்றின் நடுவில் போய் உட்கார்ந்தார்; உயிரோடு நின்று வாசித்தவர் ஓரத்துக்குப் போனார். ஜான்சன் பெரிய கலைஞர், அதில் எனக்குச் சண்டையில்லை. கிதாரின் வரலாற்றை இசைத்தட்டை வைத்தே எழுதுகிற பழக்கம் யாரை உள்ளே விடுகிறது, யாரை வாசலோடு நிறுத்துகிறது என்பதுதான் என் கேள்வி. தார்ப்பின் வாழ்க்கை ஆறு வயதிலிருந்து சாகும்வரை கூட்டத்தின் முன்னால் நடந்த வாழ்க்கை.

2

தமிழில் 'சபை' என்ற சொல்லுக்கு ஒரு வசதி உண்டு. பாட்டுக் கேட்கக் கூடுகிற கூட்டமும் சபைதான், ஜெபிக்கக் கூடுகிற கூட்டமும் சபைதான். தார்ப்பின் இசைப் பயணத்தைப் பக்தியிலிருந்து கேளிக்கைக்குப் போன பயணம் என்று எழுதுகிறவர்கள் இரண்டு வெவ்வேறு சபைகளைப் பார்க்கிறார்கள். அவர் கையிலிருந்த கிதாருக்கு அப்படியொரு பேதம் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

1915இல் அர்க்கன்ஸா மாநிலத்தின் காட்டன் பிளாண்டில் பிறந்தார். ஊர்ப்பேரே பருத்திச்செடி, அங்கே கறுப்பின மக்களுக்கு என்ன வேலை காத்திருந்தது என்பதை அதற்குமேல் விளக்க வேண்டாம். தாய் கேட்டி பெல் நூபின் மாண்டலின் வாசிப்பவர், ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்தவர். அவர்கள் சேர்ந்திருந்தது 'சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட்' என்ற பெந்தெகொஸ்தே சபை. நடுத்தர வர்க்கக் கறுப்பினத் தேவாலயங்கள் பலவும் மேளத்தையும் ஆட்டத்தையும் அநாகரிகம் என்று கூசிய காலத்தில், நரம்புக் கருவிகளாலும் கைத்தாளங்களாலும் துதிக்கச் சொல்கிற 150ஆம் சங்கீதத்தை இந்தச் சபை அப்படியே எடுத்துக்கொண்டது. மேளம், கிதார், டாம்பரின் எல்லாம் ஆராதனைக்குள் வந்தன. பெண்களுக்கு ஒரு கதவு மூடியிருந்தது, ஒரு கதவு திறந்திருந்தது: போதகராக அபிஷேகம் பெற முடியாது, பாடலாம், சாட்சி சொல்லலாம், ஊழியத்துக்குப் போகலாம். மகளும் 1920களில் தாயோடு சிகாகோவுக்குப் போய்ச் சிறுமியாகவே சபைகளில் பெயர் வாங்கினார். பீடம் மறுக்கப்பட்ட இடத்தில் கிதார்தான் பேச்சு.

இந்த ஆராதனையில் பாடுகிறவர், கேட்கிறவர் என்று இரண்டு கட்சி கிடையாது. ஒருவர் ஒரு வரியை எடுத்தால் கூட்டம் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் பாட்டு நின்றுபோகும். தார்ப்பின் வாசிப்பை இந்த இடத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும். நரம்புகளை ஒரு சேர்ச்சுரமாக ஒலிக்கும்படி சுருதி கூட்டிக்கொண்டு, பாட்டு ஓய்கிற இடங்களில் ஒற்றைச் சுரங்களாகப் பிடுங்கிப் பதில் வாசிக்கிறார். அந்தப் பதில் யாருடையது? சபையினுடையது. இரவு விடுதியில் குடித்துக்கொண்டிருக்கிற கூட்டம் 'ஆமென்' சொல்லப் போவதில்லை. அங்கே கிதாரே சபையாகிவிடுகிறது. பிற்பாடு ராக் இசையில் 'சோலோ' என்பது தனி ஆளின், அதுவும் ஆணின், வீரப் பிரதாபமாக அர்த்தப்பட்டது. தார்ப்பின் 'சோலோ' தனிமையல்ல. கூட்டம் இல்லாத இடத்துக்குக் கூட்டத்தைச் சுமந்துகொண்டு போகிற வேலை அது. அவரை வியந்தவர்கள் தந்த பெரிய பாராட்டு, 'ஆம்பிளை மாதிரி வாசிக்கிறாள்' என்பது. பாராட்டைப் பாருங்கள்!

3

1938இல் அவர் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் பாடப் போனார். கறுப்பர்கள் ஆட, வெள்ளையர்கள் உட்கார்ந்து பார்த்துப் பேரெடுத்த இடம். காட்டன் பிளாண்டிலிருந்து காட்டன் கிளப்புக்கு, பருத்தி விட்டபாடில்லை. அந்த அக்டோபரில் டெக்கா நிறுவனத்துக்கு நான்கு பாடல்கள் பதிவு செய்தார். அதிலொன்று 'ராக் மீ'. தாமஸ் டோர்ஸி எழுதிய கிறிஸ்தவப் பாட்டு அது. அந்த டோர்ஸியே முன்னால் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் வாசித்தவர். தொட்டிலை ஆட்டுவதும் 'ராக்'தான், உடம்பை ஆட்டுவதும் 'ராக்'தான். தேவனின் மடியைக் கேட்ட சொல்லையே விடுதியில் வேறு காதோடு கேட்டார்கள். பாட்டு மாறவில்லை, கேட்கிற இடம் மாறியது. சபையாருக்குப் பொறுக்கவில்லை.

1941 முதல் லக்கி மில்லிண்டரின் வாத்தியக் குழுவோடு பாடினார். 'ஐ வான்ட் எ டால் ஸ்கின்னி பாப்பா' போன்ற பாட்டுகளை வைத்துக்கொண்டு பக்தி என்று வாதாட முடியாது. பிறகு மறுபடி தேவ கானத்துக்குத் திரும்பினார். 1944இல் சாமி பிரைஸின் பியானோவோடு பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே' 1945இல் கறுப்பின இசைக்கென்று 'பில்போர்ட்' தனியே வைத்திருந்த பட்டியலில் 2ஆம் இடம்வரை போனது. ஆலயப் பாட்டொன்று அங்கே அவ்வளவு தூரம் போனது புதுசு. 'இன இசை' என்று அப்போது அந்த வகைக்குப் பெயர். பக்தி-கேளிக்கை என்ற கோட்டைச் சபை கிழித்தது என்றால் கறுப்பு-வெள்ளை என்ற கோட்டைச் சந்தை கிழித்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவே தார்ப் பயணம் போனார். 'பயணம்' என்பது உருவகமல்ல. தென் மாநிலங்களில் விடுதிகள் கறுப்பர்களுக்கு அறை தராத காலம், பேருந்திலேயே தூங்கி ஊர் ஊராகப் போனார்.

நேரடி நிகழ்ச்சி எதுவரை போகும் என்பதற்கு 1951 ஜூலை 3 சாட்சி. வாஷிங்டனின் கிரிஃபித் பேஸ்பால் மைதானத்தில் தார்ப்பின் கல்யாணம், கச்சேரியோடும் வாணவேடிக்கையோடும் நடந்தது. இருபதாயிரம் பேருக்கு மேல் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி வந்தார்கள். கல்யாண உடுப்போடு கிதார் வாசித்தார். டெக்கா அதைப் பதிவு செய்து விற்றது. மாப்பிள்ளை முடிவாகும் முன்பே நிகழ்ச்சி ஒப்பந்தம் முடிந்திருந்தது என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கெய்ல் வால்ட் சொல்கிறார். இதை வணிகக் கேலிக்கூத்து என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தள்ள மனசு வரவில்லை. நிறவெறி நடைமுறையிலிருந்த தலைநகரில் ஒரு கறுப்பினப் பெண்ணின் கல்யாணம் ஒரு மைதானத்தை நிரப்பியது என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். புனிதச் சடங்கு எங்கே முடிகிறது, நிகழ்ச்சி எங்கே தொடங்குகிறது என்று அன்றைக்கு அங்கே யாராவது கோடு கிழித்துக் காட்டியிருக்க முடியுமா?

4

1950களில் அவர் மதிப்பு அமெரிக்காவில் இறங்கியது. மேரி நைட்டோடு சேர்ந்து ப்ளூஸ் பாட்டுகளைப் பதிவு செய்தது சபைக்காரர்களை மறுபடி கோபப்படுத்தியது. இரவு விடுதிகளில் பாட மறுத்த மஹாலியா ஜாக்ஸன் தேவ கானத்தின் அரசியானார். எல்விஸ் பிரெஸ்லி காலம் வந்தது. 1957இல் தார்ப் கிறிஸ் பார்பரின் குழுவோடு பிரிட்டன் போனார். ஐரோப்பா அவருக்குப் புதிய சபையாயிற்று.

அவரைப் பற்றி இன்று பலரும் பார்த்திருக்கிற காட்சி 1964 மே 7இல் எடுக்கப்பட்டது. மான்செஸ்டரின் வில்பிரஹாம் ரோடு ரயில் நிலையம். 1958இல் பயணிகள் சேவை நின்றுபோன இடம். கிரனாடா தொலைக்காட்சி அதை அமெரிக்கத் தென்மாநில நிலையம்போல ஜோடித்தது: பெட்டிகள், மூட்டைகள், கோழிகள், ஆடுகள். பார்வையாளர்கள் ஒரு பிளாட்பாரத்தில்; மட்டி வாட்டர்ஸ் உள்ளிட்ட கலைஞர்கள் எதிர்ப் பிளாட்பாரத்தில்; நடுவே தண்டவாளம். பிரிட்டிஷ் இளைஞர்கள் நேசித்த ப்ளூஸ் ஒரு கிராமத்து, பழங்காலத்துப் பொருள். அதற்கேற்ற ஜோடனை இது. ரயில் நிலையம் அந்தக் கலைஞர்களின் தலைமுறைக்கு என்னவாக இருந்தது? தெற்கைவிட்டுத் தப்பித்து ஓடிய இடம். தப்பித்து வந்தவர்களை அதே தெற்கின் அட்டைப் பிரதிக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

அதற்குள் 49 வயது தார்ப் குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார். அழகான மேல்கோட்டு, கையில் வெள்ளை நிற எலெக்ட்ரிக் கிப்ஸன் கிதார். மழை பெய்து எல்லாம் நனைந்திருக்கிறது. அவர் எடுத்த பாட்டு 'டிட்ன்ட் இட் ரெய்ன்', நோவாவின் பிரளயத்தைப் பற்றியது. கோழிக்கும் மூட்டைக்கும் நடுவே அந்தக் கிப்ஸன் பொருந்தவேயில்லை. ஜோடித்தவர்கள் கேட்ட இறந்தகாலத்துக்குள் அவர் நுழைய மாட்டேனென்கிறார். தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கிற கூட்டத்துக்கு அந்த ஆராதனையின் பதில்கள் தெரியாது. கிதார் பதில் சொல்கிறது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப் பிளாட்பாரத்திலும் கைத்தட்டு எழுகிறது.

1970இல் பக்கவாதம், பிறகு நீரிழிவால் ஒரு காலை எடுத்தார்கள், அதன்பிறகும் மேடையேறினார். 1973 அக்டோபர் 9இல் பிலடெல்ஃபியாவில் இறந்தார். கல்லறைக்குக் கல் வந்தது 2008இல். அதற்கும் ஒரு இசை நிகழ்ச்சி நடத்தித்தான் பணம் திரட்டினார்கள்.

தேவ கானத்தின் வரலாற்றுக்கு அவர் அதிகமாக உலகியல்வாதி. ப்ளூஸ் வரலாற்றுக்கு அதிகமாகப் பக்தை. 1950களில் தொடங்குகிற ராக் வரலாற்றுக்கு அதிகமாக முந்தியவர், பெண் வேறு. 1947இல் மேக்கன் நகரத்தில் தன் மேடையில் ஏற்றிப் பாடவைத்த 14 வயதுப் பையன் லிட்டில் ரிச்சர்ட் 1986இலேயே ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார். தார்ப் 2018இல், 'ஆரம்பகாலத் தாக்கம்' என்ற பிரிவில் சேர்க்கப்பட்டார். இப்போது அவரை ராக்கின் ஞானத்தாய் என்று கொண்டாடுகிறார்கள். தகப்பனுக்குப் பதில் தாயை உட்காரவைப்பதில் எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. தாயாக்குவது என்றால், வேறு யாருடைய வரலாற்றுக்கோ முன்னுரையாக்குவது. 'இருந்து'வும் 'வரை'யும் அப்படியே இருக்க, 'இருந்து'வுக்கு முன்னால் ஒரு பெயர் கூடுகிறது, அவ்வளவுதான். ஆதியைத் தேடுகிற வேலையை விட்டுவிட்டு அவர் வாசித்ததைக் கேட்கலாம்: ஒரு குரல் கேட்க, ஒரு கூட்டம் பதில் சொல்கிற இசை அது. அந்தக் கூட்டத்தைக் கிதாருக்குள் வைத்து ஐம்பது வருஷம் சுமந்தவர் அவர். இந்தச் சுமையை வரவு வைக்காத கிதார் வரலாறு எதுவும் எனக்கு முழுசாகப் படவில்லை.